அடிக்கு அரைக்கால் அங்குலம்

எங்கள் அப்பாவுக்கு வேலை செய்யும் இடத்தில் ‘அரைக்கால்’ என்று பெயர். புதிதாக வேலைக்குச் சேர்கிறவர்கள் அந்தப் பெயரைக் கேட்டதும் முதலில் அவருடைய கால்களைத்தான் குனிந்து பார்ப்பார்கள். இரண்டு காலும் நன்றாகவே இருக்கும். ‘அடிக்கு அரைக்கால் அங்குலம்’ என்பதை ஒரு நாளைக்கு நாலு தடவையாவது யாரிடமாவது சொல்லாவிட்டால் அவருக்குச் சாப்பாடு இறங்காது. அதனால் வந்த பெயர்.

அவர் இரும்பு வார்ப்பாலையில் பேட்டர்ன் செய்கிறவர். இரும்பில் ஒரு சக்கரம் வேண்டுமென்றால் முதலில் அதை மரத்தில் செய்ய வேண்டும், அதுதான் பேட்டர்ன். அந்த மரச் சக்கரத்தை ஈர மண்ணில் அழுத்தி எடுத்தால் ஒரு பள்ளம் கிடைக்கும். அதில் உருக்கிய இரும்பை ஊற்றுவார்கள். இரும்பு ஆறும்போது சுருங்கும், அடிக்கு அரைக்கால் அங்குலம், அதாவது ஓர் அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு. எனவே மரத்தை அந்த அளவு பெரிதாகச் செய்துவிட வேண்டும். ஒவ்வொரு தடவையும் கணக்குப் போட்டுக்கொண்டிருக்க முடியாது என்பதால் இந்தத் தொழிலுக்கென்றே ஒரு ஸ்கேல் உண்டு. பார்த்தால் மற்ற ஸ்கேலுக்கும் அதற்கும் வித்தியாசம் தெரியாது. ஆனால் அதில் பன்னிரண்டு அங்குலம் என்று இருப்பது நிஜத்தில் பன்னிரண்டே அரைக்கால். சுருக்க ஸ்கேல் என்பார் அப்பா. இருபத்தாறு வருஷம் அது அவர் சட்டைப் பையிலேயே இருந்தது.

இதை இப்போதே சொல்லிவிடுகிறேன். ஒளித்து வைத்துக் கடைசியில் எடுத்துக் காட்டி வித்தை செய்ய எனக்கு மனசில்லை. எங்கள் வீட்டைக் கெடுத்தது அந்த ஸ்கேல்தான்.

அம்மா ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் வேலை பார்த்தாள். நீளமான சிமெண்ட் தொட்டிகள் ஆறு, தொட்டிக்கு ஒருத்தியாக ஆறு பெண்கள். காலையில் வார்டுகளிலிருந்து படுக்கை விரிப்பும் கம்பளியும் உறையும் தள்ளுவண்டியில் வந்து குவியும். சலவை சோடா கரைத்த வெந்நீரில் ஊறவைத்துக் கசக்கி, அலசி, இரண்டு பேர் இரண்டு முனையில் நின்று முறுக்கிப் பிழிய வேண்டும். சலவைக்கூடத்தில் வேலைக்குச் சேர்ந்தவர்களுக்கு மட்டும் ஆஸ்பத்திரிக்குப் பின்னால் ஓர் அறையும் சமையலறையும் உள்ள வீடு தருவார்கள். வேலையை விட்டால் வீட்டையும் விட வேண்டும். எனக்கு அப்போது பதினெட்டு வயது. அதே ஆஸ்பத்திரியில் கிழிந்த விரிப்புகளைத் தைக்கும் அறையில் இருந்தேன். தையல் மெஷின் முன்னால் உட்கார்ந்தபடி ஜன்னல் வழியாக அம்மாவின் முதுகைப் பார்க்கலாம். நாள் முழுக்க அது குனிந்தேதான் இருக்கும்.

சோடா தண்ணீர் எல்லார் கையையும் தின்னும். அம்மாவின் கையைக் கொஞ்சம் ஆசையாகவே தின்றது. முதலில் தோல் உரிந்தது. பிறகு விரல் மடிப்புகளில் வெடிப்பு. எண்ணெய் தடவிக்கொண்டு, துணி சுற்றிக்கொண்டு, அதே கையோடு மறுநாள் தொட்டிக்குப் போவாள். ஒரு நாள் வலது ஆள்காட்டி விரல் வீங்கி நகத்தடியில் சீழ் கட்டியது. டாக்டர் கீறி எடுத்துவிட்டுச் சொன்னார்:

“ஒரு மாசம் இந்தக் கையில தண்ணியே படக்கூடாதும்மா. சோடாவைக் கண்ணால கூடப் பாக்காதீங்க. எலும்பு வரைக்கும் போயிடுச்சுன்னா அப்புறம் விரலை எடுக்கத்தான் வேணும்.”

அம்மா வீட்டுக்கு வந்து கட்டிய கையை மடியில் வைத்துக்கொண்டு, இந்த விஷயத்தில் எங்கள் வீட்டில் யாரும் பேசாத அளவுக்குப் புத்தியாகப் பேசினாள்.

“நான் வேலையை விட்டுடறேன். வேற வீடு பாருங்க. சின்னதா இருந்தாலும் பரவால்ல.”

நானும் அதையேதான் சொன்னேன். அப்பா எங்கள் இரண்டு பேரையும் பார்க்கவில்லை. அம்மாவின் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“ஒரு பத்து நாள் பொறு” என்றார். “கையே படாம துவைக்கற மாதிரி ஒண்ணு செஞ்சு தரேன்.”

அந்தப் பத்து நாளை நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. அப்பாவுக்கு அம்மா மேல் அன்பு இல்லாமலிருந்தால் அன்றைக்கே வேறு வீடு பார்த்திருப்பார். விரல் பிழைத்திருக்கும்.

டாக்டர் சீட்டுக் கொடுத்ததால், சலவைக்கூடத்துக்குப் பொறுப்பாக இருந்த மேட்ரன் ஒரு வாரம் லீவு கொடுத்தார், அதற்கு மேல் ஆள் இல்லை என்றார். அந்த ஒரு வாரமும் அப்பா, அம்மாவை ஒரு காலி வாளி முன்னால் உட்காரவைத்து, தண்ணீர் இல்லாமல், கட்டுப் போட்ட கையோடு துவைக்கிற மாதிரி செய்து காட்டச் சொன்னார்.

“மெதுவாப் பண்ணு. இப்ப கை எங்க போகுது? திரும்பி எப்படி வருது?”

“கல்யாணம் ஆன புதுசுல கூட என்னை இவ்வளவு நேரம் பாத்ததில்ல இந்த மனுஷன்” என்று அம்மா என்னிடம் சொல்லிச் சிரித்தாள். அவள் சந்தோஷமாகத்தான் இருந்தாள். அதையும் சொல்லியாக வேண்டும்.

அப்பா கண்டுபிடித்தது இதுதான். துணியை அடிப்பதாலோ தேய்ப்பதாலோ அழுக்குப் போவதில்லை. துணிக்குள் தண்ணீர் புகுந்து வெளியே வந்துகொண்டே இருக்க வேண்டும். கை செய்வது அதைத்தான், அமுக்குகிறது, விடுகிறது, புரட்டுகிறது. அதை ஒரு தண்டும் ஐந்து முளையும் செய்ய முடியும்.

பீப்பாயைப் பாதியாக அறுத்த மாதிரி ஒரு மரத்தொட்டி செய்தார். இடுப்பு உயரத்துக்கு நான்கு கால். வாய் இரண்டடி அகலம். மேலே மூடி இரண்டு பாதி. ஒரு பாதி கீல் வைத்துத் திறக்கும், துணி போட. மற்றப் பாதியின் ஓரமாக, தொட்டியின் நடுவே குறுக்காக ஒரு கனமான சட்டம். அந்தச் சட்டத்தின் நடுவிலிருந்து ஒரு தண்டு தொட்டிக்குள் இறங்கும். தண்டின் அடியில் நிற்கிற முக்காலி போல ஒரு வட்டப் பலகை, அதில் மூன்றுக்குப் பதில் ஐந்து முளை. தண்டு சுழன்றால் முளைகள் துணியைப் பிடித்துத் தண்ணீருக்குள் இழுத்துக்கொண்டு போகும்.

முதலில் தண்டை ஒரே பக்கமாகச் சுற்றிப் பார்த்தார். நாலு சுற்றில் எங்கள் வீட்டு விரிப்பு கயிறாகத் திரிந்து முளையில் இறுகிக்கொண்டது. கத்திரிக்கோல் போட்டுத்தான் எடுக்க வேண்டியிருந்தது. தைக்கிறவள் நான்தானே, திட்டிக்கொண்டே தைத்தேன். அப்பாவோ பரிசு விழுந்த மாதிரி கைகொட்டினார்.

“கை ஒரே பக்கமாவா சுத்துது? போகுது, வருது. போகணும், வரணும்.”

ஆனால் ஆள் நின்றுகொண்டு கைப்பிடியை இப்படியும் அப்படியும் இழுத்தால் தோள் விட்டுப்போகும். ஆள் ஒரே பக்கமாகச் சக்கரம் சுற்ற வேண்டும், தண்டு மட்டும் போய் வர வேண்டும். இதற்கு அவர் செய்த ஏற்பாட்டை இப்போது நினைத்தாலும் அழகு என்றுதான் சொல்வேன். பக்கத்தில் கைப்பிடி வைத்த கனமான சக்கரம். அந்தச் சக்கரத்தின் மையத்தை விட்டு விலகிய ஓரிடத்தில் ஒரு கம்பியைக் கோத்திருந்தார். சக்கரம் சுற்றச் சுற்றக் கம்பி முன்னும் பின்னும் தள்ளும். கம்பியின் மறுமுனையில், விசிறி மாதிரி கால்வட்டமாக ஒரு பல் சக்கரம். அந்த விசிறியின் பற்கள் தண்டின் தலையில் இருக்கும் சின்னப் பல் சக்கரத்தைக் கடிக்கும். விசிறி ஒரு வீச்சு வீசினால் தண்டு முக்கால் சுற்றுப் போகும், திரும்ப வீசினால் முக்கால் சுற்றுத் திரும்பும். தொட்டியின் விளிம்பில், பிழிவதற்கு இரண்டு மர உருளைகள், மேலே ஒரு திருகு, அழுத்தம் கொடுக்க ஒரு பட்டை ஸ்பிரிங். “பிழியறதுதான் என் உசுரை வாங்குது” என்று அம்மா சொன்னதற்காக அதைச் சேர்த்தார்.

விசிறியின் அச்சுக்கும் தண்டுக்கும் நடுவே பத்து அங்குலம் இருக்க வேண்டும். விசிறிக்கு ஏழரை, சின்னச் சக்கரத்துக்கு இரண்டரை. பேட்டர்ன்களைச் சுருக்க ஸ்கேலில் அளந்து செய்தார், அது சரி. அவை இரும்பாகப் போகிறவை. பிறகு அதே ஸ்கேலைத் திருப்பி வைத்து, சட்டத்தில் பத்து அங்குலம் குறித்து, விசிறியின் அச்சு உட்காரும் தாங்கி வைக்கப் பள்ளம் வெட்டினார். சட்டம் மரம். அது எந்தக் காலத்திலும் உருகப்போவதில்லை, சுருங்கப்போவதில்லை. ஆனால் இருபத்தாறு வருஷமாக அவர் தொட்ட மரமெல்லாம் இரும்புக்காகத்தான் இருந்தது. மூக்குக் கண்ணாடி போட்டிருக்கிறவனுக்குக் கண்ணாடி போட்டிருப்பது நினைவிருக்கிறதா என்ன?

இரும்பை வார்த்துக் கொடுத்தது என் மாமா, அம்மாவின் அண்ணன். அதே வார்ப்பாலையில் மண் அச்சு எடுத்து இரும்பு ஊற்றுகிற மோல்டர். புருவம் இரண்டும் எப்போதோ தீயில் போனவை, திரும்ப முளைக்கவில்லை. அதனால் அவர் கோபப்பட்டாலும் ஆச்சரியப்படுகிற மாதிரியே இருக்கும். தங்கச்சிக்காக என்று சாப்பாட்டு நேரத்தில் வேலை செய்து இரண்டு சக்கரமும் வார்த்து, உமியில் பொதிந்து கொண்டுவந்து கொடுத்தார்.

“தங்கச்சி கை தண்ணியில படாம ராணி மாதிரி நிக்கப்போறா. மாப்ள, இதுக்கு மேல ஒரு குடையும் செஞ்சு வச்சிடுங்க” என்றார்.

லீவு முடிந்து அம்மா துணி சுற்றிய கையோடு மறுபடி தொட்டிக்குப் போக ஆரம்பித்த மூன்றாம் நாள், மெஷினைச் சலவைக்கூடத்தில் கொண்டுபோய் வைத்தார்கள். மேட்ரன் வந்து நின்றார். மற்ற ஐந்து பெண்களும் நின்றார்கள். நான் கழுத்தில் டேப்பைப் போட்டபடியே தையலறையிலிருந்து ஓடி வந்தேன். தலையணை உறை பத்துப் போட்டு அம்மா சக்கரத்தைச் சுற்றினாள். தண்டு போய் வந்தது. உள்ளே தண்ணீர் குடுகுடுவென்று சிரிக்கிற மாதிரி சத்தம் போட்டது. உறைகள் வெள்ளையாக வந்தன. உருளைக்குள் விட்டுப் பிழிந்தால் தட்டையாக, பாதி காய்ந்து வந்தன. ஒருத்தி கை தட்டினாள்.

“விரிப்பைப் போடுங்க” என்றார் மேட்ரன்.

விரிப்பு ஆறு போட்டார்கள். அம்மா சுற்றினாள். மூன்றாவது சுற்றில் கட கட கடவென்று ஒரு சத்தம். சக்கரம் சுற்றுகிறது, விசிறி வீசுகிறது, தண்டு நகரவில்லை. பல் பல்லைப் பிடிக்காமல் நுனியில் வழுக்கி வழுக்கித் தாண்டியது. அம்மா இன்னும் அழுத்தினாள். பட்டென்று ஒரு பல் உடைந்து சோடாத் தண்ணீரில் விழுந்தது. அம்மா அதை எடுக்கக் கையை விட்டாள். அந்தக் கையைத்தான்.

“சரி பண்ணிட்டுக் கொண்டு வாங்க” என்றார் மேட்ரன். நல்ல பெண்மணிதான், குரலில் கேலி இல்லை. “அது வரைக்கும் தொட்டியிலயே நடக்கட்டும்.”

வீட்டில் அப்பா சட்டைப் பையிலிருந்து ஸ்கேலை எடுத்தார். சட்டத்தை அளந்தார். பத்து அங்குலம், மயிரிழை பிசகில்லை. விசிறியை அளந்தார். ஏழரைக்குக் கொஞ்சம் குறைவு. சின்னச் சக்கரமும் குறைவு. சேர்த்துப் பார்த்தால் அரைக்கால் அங்குலத்துக்குச் சற்றுக் குறைய இடைவெளி. அதனால்தான் பல் பாதி ஆழம்கூடக் கடிக்கவில்லை. எல்லாம் பொருந்தி வந்தது. பொருந்தி வந்ததுதான் கொடுமை. இரும்பு இருமடங்கு சுருங்கியிருக்கிறது என்று முடிவு கட்டினார். இரும்பு இருமடங்கு சுருங்கினால் யார் குற்றம்? உருக்கி ஊற்றியவன் குற்றம்.

மாமாவிடம் போய்ச் சொன்னார். மாமா சிரித்துவிட்டு நல்ல இரும்பாகப் பார்த்து உருக்கி மறுபடி வார்த்துக் கொடுத்தார். அதற்குப் பத்து நாள். அதுவும் அதே அளவு வந்தது. அப்பா சட்டத்தில் மாட்டினார், உறை துவைத்தது, விரிப்பு போட்டால் வழுக்கியது. மூன்றாவது தடவை மாமா சக்கரங்களை எங்கள் வீட்டு மேசைமேல் வைத்துவிட்டு நின்றார்.

“மாப்ள, இருபது வருஷமா ஊத்தறேன். என் இரும்பு எப்பவும் சுருங்கற மாதிரிதான் சுருங்குது. உங்களுக்குச் சின்னதாத் தெரிஞ்சா பேட்டர்னை ஒரு சுத்து பெருசாப் பண்ணிக் குடுங்க. நான் ஊத்தித் தரேன். வேலை முடிஞ்சுது.”

அன்றைக்கு அப்பா சரி என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். தப்புக்குத் தப்பு சரியாகப் போயிருக்கும், மெஷின் ஓடியிருக்கும், இன்று வரை யாருக்கும் எதுவும் தெரிந்திருக்காது.

“என் பேட்டர்ன் சரியா இருக்கு” என்றார் அப்பா. “நீ இரும்பைக் கெடுத்து வச்சுட்டு என்னை மரத்தை மாத்தச் சொல்றியா? அப்படிச் செஞ்சா அதுக்குப் பேரு தொழில் இல்ல மச்சான்.”

“நான் இரும்பைக் கெடுக்கறேனா? என் தங்கச்சிக்கு ஊத்தற இரும்பையா?”

“அளவு சொல்லுதே!”

மாமா இரண்டு சக்கரத்தையும் ஒரு தடவை பார்த்தார். அம்மாவிடம் “வரேம்மா” என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். பிறகு வரவில்லை. வார்ப்பாலையிலும் அப்பாவிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

இதைக் கேட்கிறவர்கள் எல்லாரும் ஒரே கேள்வி கேட்பார்கள். பல் சரியாகக் கடிக்கவில்லை என்று கண்ணால் தெரிகிறதே, உளியை எடுத்துச் சட்டத்தில் இருக்கும் பள்ளத்தை ஒரு நூல், அதே அரைக்கால் அங்குலம்தான், உள்ளே நகர்த்தினால் போதாதா? போதும். எந்த அரைகுறைத் தச்சனும் அதைத்தான் செய்திருப்பான். அப்பா அரைகுறை இல்லை. அளவு சரியாக இருக்கிற மரத்தில் உளி வைப்பது அவருக்குப் பொய் சொல்வது மாதிரி. எங்கள் துரதிர்ஷ்டம், வீட்டுக்கு வாய்த்தவர் நல்ல தொழிலாளி.

அதற்கப்புறம் இன்னொரு பத்து நாள், அதற்கு மேலும் ஒரு வாரம். வேறு வார்ப்பாலைக்கு எழுதிக் கேட்டார். அரத்தை எடுத்துப் பற்களின் நுனியைத் தேய்த்துக் கூர்மையாக்கிப் பார்த்தார், இன்னும் மோசமானது. ஒவ்வொரு தடவையும் மெஷின் உறையைத் துவைத்துக் காட்டும். சுத்தமாக ஓடாமலே இருந்திருந்தால்கூட நாங்கள் விட்டுத் தொலைத்திருப்போம். பாதி ஓடுகிற சாமான் மாதிரி மனுஷனை ஏமாற்றுவது எதுவும் இல்லை. அம்மா வேலையை விடுகிற பேச்சை எடுக்கவே இல்லை. எடுத்தால் அப்பாவை நம்பவில்லை என்று ஆகிவிடுமே என்று பயந்தாள். சாயங்காலம் கையைத் துணிக்குள் மறைத்துக்கொண்டு, “இன்னிக்கு எப்படி இருக்கு மெஷினு?” என்று கேட்பாள். “உன் கை எப்படி இருக்கு?” என்று அவர் கேட்பார். இரண்டு பேரும் “பரவால்ல” என்பார்கள். இரண்டு பேரும் பொய் சொன்னார்கள்.

ஒரு நாள் அவள் சாப்பிடும்போது இடது கையால் சாப்பிடுவதைப் பார்த்தேன். வலது கையைப் பிடித்து வெளியே இழுத்தேன். ஆள்காட்டி விரலும் நடுவிரலும் கருத்துத் தடித்து, ஒன்றோடொன்று ஒட்டியிருந்தன. முழங்கை வரை சிவப்புக் கோடு ஓடியிருந்தது.

டாக்டர் பார்த்தார். எங்களைத் திட்டக்கூட இல்லை. மறுநாள் காலை இரண்டு விரலையும் அடியோடு எடுத்தார்கள். முதலில் கை வலித்துச் சீட்டு வாங்கிய நாளிலிருந்து அது நாற்பத்தெட்டாவது நாள்.

அன்று மத்தியானம் மாமா ஆஸ்பத்திரிக்கு வந்தார். அம்மாவின் கட்டைப் பார்த்தார். நேராக எங்கள் வீட்டுக்கு நடந்தார். எனக்குப் பயமாக இருந்தது, பின்னாலேயே ஓடினேன். அப்பாவை அடிக்கத்தான் போகிறார் என்று நினைத்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அப்பா மெஷின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்திருந்தார். ஸ்கேல் சட்டத்தின்மேல் கிடந்தது.

“என் இரும்பு தப்பா, உங்க மரம் தப்பான்னு இன்னிக்கு எனக்குத் தெரியணும்” என்றார் மாமா. என் பக்கம் திரும்பினார். “கழுத்துல கிடக்கறதைக் குடு.”

என் கழுத்தில் தையல் டேப் தொங்கியது. காலையில் போட்டால் வீடு வரும்வரை அங்கேயே கிடக்கும். அந்த நாற்பத்தெட்டு நாளும் அது அந்த மெஷினுக்கு முன்னால் எத்தனை தடவை போய் வந்ததோ தெரியாது. அதை எடுத்து ஒரு தடவை, சும்மா விளையாட்டுக்காகக்கூட, நான் அந்தச் சட்டத்தின்மேல் வைத்துப் பார்த்ததில்லை. அளப்பது அப்பா வேலை, தைப்பது என் வேலை என்று இருந்துவிட்டேன். அப்பாமேல் எனக்கிருக்கும் கோபத்தில் பாதி என்மேல் இருக்க வேண்டியது.

மாமா டேப்பைச் சட்டத்தில் வைத்தார். குனிந்து பார்த்தார். மறுபடி வைத்தார்.

“பத்து இல்ல மாப்ள. பத்துக்கு மேல ஒரு நூல் இருக்கு.”

விசிறியில் வைத்தார். “ஏழரை. கரெக்டா ஏழரை.”

அப்பா எழுந்து வந்து டேப்பைப் பார்த்தார். ஸ்கேலை எடுத்து டேப்புக்குப் பக்கத்தில் வைத்தார். ஒன்று, இரண்டு, மூன்று என்று கோடுகளின்மேல் விரலை நகர்த்திக்கொண்டே போனார். பத்தில் நின்றார். அங்கே டேப்பின் கோடும் ஸ்கேலின் கோடும் சேரவில்லை. அதை அவர் எத்தனை ஆயிரம் பேருக்கு விளக்கியிருப்பார்! எனக்கே ஐந்து வயதில் மடியில் உட்காரவைத்து, “இது உருகின இரும்போட அடிம்மா, நம்ம அடி இல்ல” என்று சொல்லிக் கொடுத்திருக்கிறார்.

“மச்சான்” என்றார்.

மாமாவுக்கு வந்த கோபமெல்லாம் எங்கோ போய்விட்டது. டேப்பைச் சுருட்டி என் கையில் கொடுத்தார். “நானும் அன்னிக்கே ஒரு ஸ்கேலை வச்சிருக்கணும். ரோஷம் வந்து போயிட்டேன்” என்றார். அந்த வீட்டில் அன்றைக்குக் குற்றத்தை எடுத்துக்கொள்ள மூன்று பேர் போட்டி போட்டோம். விரல் கொடுத்தவள் ஆஸ்பத்திரியில் படுத்திருந்தாள்.

மறுநாள் காலை அப்பா உளியை எடுத்தார். பள்ளத்தை ஒரு நூல் உள்ளே தள்ளி வெட்டி, வெளிப்பக்க இடைவெளியில் ஒரு சின்ன மரச் சக்கை அடித்தார். மூன்று மணி நேர வேலை. சலவைக்கூடத்தில் வைத்து விரிப்பு எட்டும் கம்பளி இரண்டும் போட்டார்கள். தண்டு போய் வந்தது. சத்தமே இல்லை, பல் பல்லில் அத்தனை பாந்தமாக உட்கார்ந்திருந்தது. பார்க்க அவ்வளவு நன்றாக ஓடியதுதான் எனக்குத் தாங்கவில்லை. தையலறைக்கு ஓடிப்போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன்.

மேட்ரன் அதே மாதிரி இன்னும் இரண்டு வேண்டும் என்றார். அப்பா செய்து கொடுத்தார். அந்த மூன்று மெஷினும் பல வருஷம் ஓடின, அந்தத் தொட்டிகளில் அதற்கப்புறம் யாருக்கும் கை வெடிக்கவில்லை. அம்மாவுக்கு விரிப்பு மடிக்கும் வேலை கொடுத்தார்கள், வீடும் நிலைத்தது. சலவைக்காரப் பெண்கள் அவளை எங்கே பார்த்தாலும், “அக்கா, உங்க வீட்டுக்காரருக்குக் கோடிப் புண்ணியம். அவர் கை நல்லா இருக்கணும்” என்பார்கள். நல்ல மனசோடுதான் சொல்வார்கள். அம்மா மூன்று விரல் கையால் விரிப்பை நீவிக்கொண்டே தலையாட்டுவாள்.

அப்பாவைப் பிறகு வீட்டில் யாரும் ஒரு சொல் சொல்லவில்லை. நான் மட்டும் சொன்னேன், ஒரே ஒரு நாள், வாய்க்கு வந்தபடி. அவர் கேட்டுக்கொண்டிருந்தார். நான் நிறுத்தியதும், “இன்னும் இருந்தா சொல்லு” என்றார்.

அவர் வேறொன்று செய்ய ஆரம்பித்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் வீட்டுத் துணி எல்லாவற்றையும் வாளியில் போட்டு, சோடாவைக் கைப்பிடி கைப்பிடியாக அள்ளிக் கொட்டி, வெந்நீர் ஊற்றி, கையாலேயே துவைத்தார். மணிக்கணக்காக. அழுக்குப் போனபிறகும் துவைத்தார். நாலு மாதத்தில் விரல் மடிப்பெல்லாம் வெடித்துவிட்டது. வாளித் தண்ணீரில் சிவப்பு தெரிந்தது. நான் வாளியைப் பிடுங்கினேன்.

“உங்க விரலும் போகணுமா?”

“எத்தனை நாள் ஆகும்?” என்று கேட்டார். கிண்டல் இல்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார்.

அம்மா சமையலறையிலிருந்து வெளியே வந்தாள். அவர் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து, வலது கையை வாளிக்குள் விட்டாள். அப்பா பதறிப்போய் அந்தக் கையைப் பிடித்து வெளியே எடுத்தார். அவள் மறுபடி விட்டாள்.

“நீங்க எடுத்தாதான் நானும் எடுப்பேன்” என்றாள்.

அவர் கையை எடுத்தார். தரையில் அப்படியே உட்கார்ந்து, பெரிய ஆம்பிளை, வாய்விட்டு அழுதார். அம்மா ஈரக் கையை உதறிவிட்டு, அவர் கன்னத்தைத் துடைக்கப் போனாள். வலது கை. நினைத்துச் செய்யவில்லை, பழக்கம். அவர் சடாரென்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். கை அந்தரத்தில் நின்றது. அம்மா கொஞ்ச நேரம் அதை அப்படியே வைத்திருந்தாள், பிறகு மடக்கி மடியில் வைத்துக்கொண்டாள்.

அதோடு துவைப்பதை விட்டுவிட்டார். ஆனால் அந்தக் கையை அதற்குமேல் அவர் பார்க்கவில்லை. அவள் சாப்பாடு வைத்தால் தட்டைப் பார்ப்பார். கையில் எதையாவது கொடுத்தால் கீழே வைக்கச் சொல்லி எடுத்துக்கொள்வார். ஜுரமாகக் கிடந்தபோது நெற்றியில் வைக்க வந்த கையை, கண்ணை மூடியபடியே, “வேண்டாம்மா” என்று தள்ளிவிட்டார். பதினேழு வருஷம் அப்படியே ஒரே வீட்டில் இருந்தார்கள். அன்பு குறைந்து அல்ல. அது எனக்கும் தெரியும், அம்மாவுக்கும் தெரியும். அவருக்குத் தாங்கவில்லை, அவ்வளவுதான்.

அவரைச் சுடுகாட்டுக்கு எடுத்துக்கொண்டு போன அன்று சாயங்காலம் எல்லாரும் போனபிறகு, அம்மா சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். வலது கையை மடியில் மல்லாத்தி வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“ரெண்டு விரலைத்தான்டி டாக்டர் எடுத்தாரு” என்றாள். “மிச்சத்தை உங்கப்பா எடுத்துட்டாரு.”